பதினாறு தட்டு

பாடகர் ஒனில் காஸ்டோங்கே இறந்து ஐந்து மாதம் கழித்து அவருடைய கடைசி கேசட் யோலாண்டின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியில் அறுந்த கிதார் கம்பி, மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய் டப்பா எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. கேசட்டின் மேலே அவருடைய கோணல் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: "பாதி".

யோலாண்டுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஓநாய்க்குடா ஊர் வானொலி என்றால் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். அங்கே செய்தி வாசிப்பதும் அவள்தான், பனிப்புயல் வருகிறது என்று மிரட்டுவதும் அவள்தான், காணாமல் போன நாயைக் கண்டுபிடித்துக் கொடுப்பதும் அவள்தான். ஊரில் அவளுக்கு "மூக்கு" என்று பட்டப்பெயர். ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் அவளுக்குப் பட்டாணி சூப்கூடத் தொண்டையில் இறங்காது. இந்த கேசட்டைக் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மேயர் நோர்மான் அவளைத் தொலைபேசியில் பிடித்தார். மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்துக்கு ஒனிலின் பெயர் வைக்கிறார்கள். மே மாதம் இரண்டாம் ஞாயிறு திறப்பு. அன்றைக்கு இதுவரை யாரும் கேட்காத பாட்டு ஒன்றைப் போட்டால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு.

"என்னம்மா, கேட்டுப் பாத்தியா? தேறுமா?"

"குரல் நல்லாத்தான் இருக்கு நோர்மான். ஆனா ஒரே ஓட்டை."

"கேசட்டுலயா?"

"பாட்டுல. ஒரு வரி பாடறாரு, நிறுத்தறாரு. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அடுத்த வரி."

"அடி போடி, அவரு பாட்டு எல்லாமே அப்படித்தானே! அதுக்குத்தானே மாண்ட்ரியால்காரன் அவரைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினான். ரொம்ப நீளமா இருந்தா வெட்டி ஒட்டிடு. இல்லேன்னா நம்ம சனம் தூங்கிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. இருபத்தைந்து வருஷமாக ஒனில் அந்த மௌனத்தை வைத்துத்தான் பெயர் எடுத்தார். கியூபெக் மாநிலம் முழுக்க அவருக்கு "மௌனப் பாடகர்" என்று பெயர். ஆற்றின் அகலம் அந்த இடைவெளிகளில் தெரிகிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஒரு பேராசிரியர் அந்த மௌனத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினார். ஒன்றுமே இல்லாததைப் பற்றி முந்நூறு பக்கம் எழுத ஒரு தனித் திறமை வேண்டும் என்று யோலாண்ட் அப்போதே சிரித்திருக்கிறாள்.

ஆனால் ஓநாய்க்குடாவுக்கு அந்த மௌனம் பிடிக்கவே இல்லை. இங்கே பாட்டு என்பது தனியாள் வேலை கிடையாது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரைப்பலகையில் தாளம் தட்டிக்கொண்டே வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிப் பாடுவார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. மாற்றியவன்தான் அடுத்த சுற்றுக்கு எல்லாருடைய கிளாஸையும் நிரப்ப வேண்டும். போன கிறிஸ்துமஸுக்குக்கூட நோர்மான் மூன்று முறை மாற்றிப் பாடி, விடிய விடிய ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட ஊரில் ஒனில் மேடையேறி முதல் வரியைப் பாடினால் சனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? திருப்பிப் பாட ஆரம்பித்தார்கள். ஒனில் உள்ளங்கையை உயர்த்தி, வேண்டாம், நிறுத்துங்கள் என்று காட்டினார். ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம் காட்டினார். "பெரிய மனுஷன் ஆயிட்டாரு. நம்ம குரல் இனிமே அவருக்கு நாறுது" என்று முதலில் சொன்னது நோர்மான்தான். அதை ஊரே பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்குப் போனார்கள், கை தட்டினார்கள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யோலாண்டும் அப்படி உட்கார்ந்தவள்தான்.

இந்தக் கடைசி கேசட்டில் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்று இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்போம் என்று போட்டாள். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் வானிலை அறிக்கை. ஒனில் முதல் வரியைப் பாடினார்.

"குடா உறைஞ்சா போதும், அக்கரை கிட்ட வரும்."

பிறகு ஓட்டை. யோலாண்ட் ரொட்டியை மென்றபடி அறிக்கையைப் புரட்டினாள். திடீரென்று தன் வாயிலிருந்து, ரொட்டித் துணுக்கோடு, "குடா உறைஞ்சா போதும், அக்கரை கிட்ட வரும்" என்று வருவதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். அவள் பாடி முடித்த அதே நொடியில் ஒனில் இரண்டாம் வரியைத் தொடங்கினார். இடையில் ஒரு மூச்சுகூட மிச்சமில்லை, குறையவும் இல்லை.

ரொட்டி கீழே விழுந்தது. அவள் ஒலியைக் கூட்டினாள்.

கால்! அதுதான் வித்தியாசம். இந்த கேசட்டில் ஒனிலின் கால் சத்தம் கேட்டது. டக்-கட்ட, டக்-கட்ட என்று ஓட்டைக்குள்ளும் கால் நிற்கவே இல்லை. அவள் விரலை மடக்கி எண்ணினாள். முதல் வரிக்குப் பதினாறு தட்டு, ஓட்டைக்கும் பதினாறு தட்டு. இரண்டாம் வரி நீளம், இருபது. அதற்கடுத்த ஓட்டையும் இருபது.

அலமாரியிலிருந்து அவருடைய பழைய இசைத்தட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டுக் கேட்டாள். எதிலும் கால் இல்லை. மாண்ட்ரியால் ஒலிப்பதிவுக்காரன் கால் சத்தம் இடைஞ்சல் என்று அடியில் தடிக் கம்பளம் விரித்ததை ஒனிலே ஒரு பேட்டியில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தாளம் போனதும் பதிலுக்கு விட்ட இடம் வெறும் மௌனம் ஆகிவிட்டது. கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தாள். எல்லாப் பாட்டிலும் ஓட்டை வரிக்குச் சரியான அளவு. அந்தப் பேராசிரியரின் முந்நூறு பக்கமும் அம்போ என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நின்றதும் அடுத்த கேள்வி வந்து உட்கார்ந்தது. பதிலுக்கு இடம் விட்ட மனுஷன், பதில் பாடியவர்களை ஏன் கை காட்டி நிறுத்தினார்?

கேசட்டின் மேலிருந்த வார்த்தையைப் பார்த்தாள். பாதி. முடியாத பாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். முடியாத பாட்டில்லை இது. முழுப் பாட்டில் ஒரு ஆளுடைய பங்கு. மற்ற பங்கு யாருடையது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ரோசேர் காஸ்டோங்கே. ஒனிலின் தம்பி. எதிர்வீடு.

ஒரு காலத்தில் அண்ணன் எடுத்துக் கொடுப்பார், தம்பி பதில் சொல்வார். இரண்டு பேரின் நான்கு காலும் ஒரே பலகையில் தட்டும். மாண்ட்ரியால் கம்பெனி ஒனிலைக் கூப்பிட்டபோது தம்பி வேண்டாம் என்றது. பதிலுக்குப் பயிற்சி பெற்ற நான்கு பெண்களை வைத்தது. ஒனில் தலையாட்டிவிட்டார். ரோசேர் அந்தச் செய்தியை முடிதிருத்தும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, வானொலியில் கேட்டார். பாதி சவரத்தோடு எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போய், "இனிமே நீ பாடு. எங்கிட்டேருந்து உனக்குப் பதிலே கிடையாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவர் வந்தவர்தான். இருபத்தைந்து வருஷம் பேச்சில்லை. ஒனில் அந்த நான்கு பெண்களையும் திருப்பி அனுப்பிவிட்டுத் தனியாகவே பாடியதுகூட அவர் மனத்தை மாற்றவில்லை. அண்ணனின் ஒரு பாட்டைக்கூடக் காதில் வாங்கவில்லை. வானொலியில் வந்தால் அணைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒனில் வாசகம் வாசித்தால், கோயில் மொத்தமும் "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொல்லும்போது ரோசேர் மட்டும் உதட்டைத் தைத்துக்கொண்டு நிற்பார். கடவுளுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, அண்ணனுக்குப் பதில் போய்விடக்கூடாது!

ஆக, ஊரெல்லாம் கேட்ட பாட்டை, கேட்க வேண்டிய ஒரே ஆள் கேட்கவில்லை. அன்றைக்கு வியாழக்கிழமை. வருகிற திங்களன்று ரிமூஸ்கி ஆஸ்பத்திரியில் ரோசேருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. புற்று. குரல்வளையை மொத்தமாக எடுக்கப்போகிறார்கள். திங்களுக்குப் பிறகு அந்தப் பாதியைப் பாட உலகத்தில் குரல் கிடையாது.

வானிலை அறிக்கையை மேசையிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மாலைச் செய்தியில் அன்று ஓநாய்க்குடாவுக்கு மழையா பனியா என்று யாருக்கும் தெரியாமல் போனது.

*

ஏப்ரல் மாதம். ரோசேர் மேப்பிள் மரத்துச் சாறு காய்ச்சும் கொட்டகையில் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு வசதி. வீட்டில் போய்ப் பிடித்தால் கதவைச் சாத்துவார். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது அதை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் பாகு கருகும்.

உள்ளே ஒரே ஆவி. ரோசேர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது, கழுத்தில் சிவப்புத் துணி.

"யாரு, மூக்கா? வா வா. பனியில பாகு ஊத்தி முட்டாய் பண்ணித் தரட்டுமா?" குரல் ரம்பம் போட்ட மாதிரி கரகரத்தது.

"அப்புறம் தாங்க மாமா. உங்களுக்கு ஒண்ணு போட்டுக் காட்டணும்." யோலாண்டின் அம்மாவுக்கு அவர் ஒன்றுவிட்ட தம்பி. அந்த உரிமையில்தான் இந்தத் துணிச்சல். கேசட் ஓட்டும் பெட்டியை விறகின்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒலிவாங்கியோடு பதிவுக் கருவியையும் வைத்தாள்.

அவர் பார்த்தார். புரிந்துவிட்டது.

"பேழையே! திருக்கிண்ணமே! நற்கருணைப் பேழையே!" கோபம் வந்தால் இந்தப் பக்கத்து ஆண்கள் கோயில் அலமாரியில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வசவாக வெளியே எறிவார்கள். ரோசேர் பீடத் துணிவரைக்கும் போனார். "எடுத்துட்டுப் போ அதை! அந்த ஆளு குரல் என் கொட்டகையில கேக்கக்கூடாது!"

"குரலுக்காக வரல மாமா. காலுக்காக வந்தேன். கால மட்டும் கேளுங்க."

"என்னது?"

"அவரு எதுக்கு இப்படித் தட்டறாருன்னு எனக்குத் தெரியணும். தெரியலேன்னா எனக்குத் தூக்கம் வராது. நீங்க கேக்கலேன்னா போங்க, வெளிய போய் நில்லுங்க."

அவர் கொப்பரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சாறு தளதளவென்று கொதித்தது. "சூனியக்காரி" என்று முணுமுணுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். யோலாண்ட் பொத்தானை அமுக்கினாள்.

"குடா உறைஞ்சா போதும், அக்கரை கிட்ட வரும்."

பதினாறு தட்டு. முதுகு அசையவில்லை.

"எதிர்வீட்டு விளக்கெரிஞ்சா எங்க வீட்டுக் கூடத்திலேயும் வெளிச்சம்."

இருபது தட்டு. அகப்பை கொப்பரையில் நின்றது.

"ரெண்டு சோடிக் காலுக்குப் போட்ட பலகை இது."

ரோசேரின் வலது குதிகால் தரையில் ஒரு முறை தட்டியது. அவருக்கே தெரிந்திருக்காது.

"தப்பு என்மேலதான், கதவத் தாழ் போடல."

கடைசி ஓட்டையில் கால் மட்டும் தட்டிக்கொண்டே போனது, பிறகு கேசட் நின்றது.

"கம்பளம் இல்லியா?" என்று கேட்டார் ரோசேர், திரும்பாமல்.

"இது கம்பெனி இல்ல மாமா. அவரு வீட்டு அடுப்படி. செப்டம்பர்ல அவரே எடுத்தது."

"எல்லாப் பாட்டுலயும் இப்படித்தான் எடம் விட்டிருக்கானா?"

"எல்லாத்துலயும். நான் அளந்துட்டேன். யாராவது நடுவுல பாடினா கையைக் காட்டி நிறுத்திடுவாரு. திமிருன்னு நாங்க எல்லாரும் பேசினோம் மாமா. நானும்தான் பேசினேன்."

ரோசேர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் ஆவியில் நனைந்ததா, வேறு எதிலாவது நனைந்ததா என்று அவள் பார்க்கவில்லை. இந்த ஒரு தடவை மூக்கை நுழைக்க அவளுக்கே மனம் வரவில்லை.

"மறுபடி போடு."

இந்த முறை இரண்டு காலும் முதல் வரியிலேயே சேர்ந்துகொண்டன. ஓட்டை வந்தது. கரகரத்த குரல் முதலில் காற்றாக வந்து, அப்புறம் பாட்டாக வந்தது. "குடா உறைஞ்சா போதும், அக்கரை கிட்ட வரும்." பதினாறாவது தட்டில் அவர் விட்டார், பதினேழாவதில் ஒனில் பிடித்தார். செத்துப் போன மனுஷன் எதிரே உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற மாதிரியே இருந்தது. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. பிறகு நான்காவது.

"தப்பு என்மேலதான், கதவத் தாழ் போடல."

ரோசேர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண் விரிந்தது. கால் தட்டிக்கொண்டே இருக்க, ஓட்டை முழுவதும் வெறுமையாகக் கழிந்தது.

"திருட்டுப்பய!" என்று கத்தினார். "பாத்தியா, பாத்தியாடி இவன் வேலையை! எடுத்துக் கொடுக்கறவன் எதைச் சொன்னாலும் நான் அதைத்தானே சொல்லணும்! ஒரு வார்த்தை மாத்த முடியாதே! அவன் மன்னிப்புக் கேக்கற மாதிரி கேட்டு, என் வாயாலயும் கேக்க வெக்கறான்!"

யோலாண்டுக்கு இப்போதுதான் அது உறைத்தது. காதலிக்கு எழுதிய வரி என்று அவள் நினைத்திருந்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? அவன்தானே நாலு பொம்பளைங்களை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இருபத்தஞ்சு வருஷம். ரோட்டைத் தாண்டினா வீடு. கதவத் தாழ் போடலியாம். நான் தள்ளிப் பாத்தேனா? ஒரு நாளாவது தள்ளிப் பாத்தேனா?"

கொப்பரையில் நுரை பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. ரோசேர் எழுந்து, வெண்ணெய்த் துண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். நுரை அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு எரிவதை அப்போதுதான் கவனித்தார்.

"அதை அணை."

"மாமா, திங்கக்கிழமைக்கு அப்புறம்..."

"தெரியும் பொண்ணே. என் தொண்டை எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொல்றேன். இது மண்டபத்துக்கு இல்ல. அவனுக்கு."

யோலாண்டுக்கு விரல் வரவில்லை. ஒரு வானொலிக்காரியின் வாழ்க்கையில் இப்படி ஒன்று ஒரு தடவைதான் கிடைக்கும். வாய்விட்டுக் கெஞ்சலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு அணைத்தாள். கேசட்டை முதலிலிருந்து ஓட்டினாள்.

ரோசேர் நான்கு வரிக்கும் பதில் பாடினார். நான்காவதில் குரல் இரண்டாகப் பிளந்தது, ஆனால் ஒரு சொல்லும் மாறவில்லை. யோலாண்ட் வெட்கமில்லாமல் அழுதாள்.

"சரியாப் போச்சு. அவனும் சொன்னான், நானும் சொன்னேன்" என்றார் அவர், அகப்பையை எடுத்துக்கொண்டே. "இந்தா, வெளியேருந்து பனி அள்ளிட்டு வா, பாகு ஊத்தித் தரேன்."

வாசலில் அவள் கேட்டாள். "நோர்மான் ஓட்டையை எல்லாம் வெட்டச் சொல்றாரு."

"வெட்டினா அவன் மீசையை நான் வெட்டுவேன்னு சொல்லு."

*

மே மாதம் இரண்டாம் ஞாயிறு. மண்டபத்தில் முந்நூறு பேர். ரோசேர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, அதன் நடுவே சின்னக் குழாய். அவர் மூச்சு விடும்போது அது லேசாக விசில் அடித்தது. பேச்சு போய்விட்டது. நோர்மான் பயந்து பயந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கேசட் முழுசாக, வெட்டாமல் ஓடப்போகிறது என்று யோலாண்ட் அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. கொட்டகையில் நடந்ததை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

முதல் வரி முடிந்தது. மண்டபம் கப்சிப். ஒனில் இருபத்தைந்து வருஷமாகக் கை காட்டிப் பழக்கிய கூட்டம் அல்லவா, வாயை மூடிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கியில் கால் மட்டும் டக்-கட்ட, டக்-கட்ட என்று தட்டியது.

முன் வரிசையில் இன்னொரு சோடிக் கால் சேர்ந்துகொண்டது.

ரோசேர் தட்டிக்கொண்டே உடம்பைத் திருப்பி சனத்தைப் பார்த்தார். உள்ளங்கையை உயர்த்தினார், அண்ணன் உயர்த்துவாரே, அதே மாதிரி. கூட்டம் இன்னும் ஒடுங்கியது. அவர் தலையை ஆட்டி, கையை அப்படியே புரட்டி, விரலை மடக்கி மடக்கி, வாருங்கள் என்று கூப்பிட்டார்.

இரண்டாம் வரிக்குப் பின்வரிசையிலிருந்து நாலைந்து குரல் தயங்கித் தயங்கி வந்தது. மூன்றாம் வரிக்குப் பாதி மண்டபம் பாடியது. ஓட்டை எவ்வளவு கச்சிதமாக நிரம்புகிறது என்று புரிந்துகொண்டு ஒவ்வொரு முகமாக மாறுவதை யோலாண்ட் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நோர்மானின் முகம்தான் கடைசியாக மாறியது.

பிறகு ஒனில் நான்காம் வரியைப் பாடினார். ரோசேரின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. முந்நூறு பேரும், எல்லாரையும்விட உரக்க நோர்மானும், ஒரு சொல்லும் மாற்றாமல் ஒனிலுக்குத் திருப்பிச் சொன்னார்கள்:

"தப்பு என்மேலதான், கதவத் தாழ் போடல."